பத்தாம் நம்பர் ஸ்பானர்

இப்போதெல்லாம் ஸ்பானரை இயந்திரமே எண்ணிவிடுகிறதாம். போன மாதம் என் பழைய யூனிட்டிலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் சொன்னார். ஒவ்வொரு கருவியிலும் ஒரு மின்னணுச் சில்லு பதித்திருக்கிறார்களாம். பெட்டியைத் திறந்தால் எது இருக்கிறது, எது இல்லை, கடைசியாக எடுத்தது யார் என்று திரையில் வந்துவிடுமாம். "உங்கள் காலத்தில் எப்படி சார் எண்ணினீர்கள்?" என்று கேட்டார். "ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம்" என்றேன். மரியாதைக்காகச் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த வெள்ளத்துச் சம்பவத்தை நீங்களே எழுதித் தந்தால் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்போம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். பேனா இல்லை என்று காரணம் சொல்ல முடியாது. நான் ஓய்வு பெற்ற அன்று வந்தவர்களெல்லாம் பேனாதான் கொடுத்தார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஒரு காலத்தில் நிலம் இருந்த குடும்பம். எனக்கு விவரம் தெரிந்தபோது நிலம் போய்விட்டிருந்தது, அதைச் சொல்லிக்கொள்வது மட்டும் மிச்சமிருந்தது. பதினெட்டு வயதில் விமானப் படையில் சாதாரண ஏர்மேனாகச் சேர்ந்தேன். பையன் விமானம் ஓட்டப் போகிறான் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் முதல் நான்கு வருஷம் விமானத்தைத் துடைத்தேன். வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது 'விமானத்தோடு வேலை' என்று எழுதுவேன். பொய் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், சப்பாத்தி தின்னப் பழகினோம். அதற்குப் பிறகு கார்ப்பரல், சார்ஜென்ட், வாரண்ட் அதிகாரி என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். அப்புறம் ஒரு பரீட்சை, ஒரு நேர்முகத் தேர்வு. முப்பத்தாறு வயதில் பொறியியல் பிரிவில் அதிகாரி ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை வரை நான் சல்யூட் அடித்தேன், திங்கட்கிழமையிலிருந்து எனக்கு அடித்தார்கள். பழைய கூட்டாளிகள் என்னைக் கண்டால் சீட்டுக் கட்டை மறைத்தார்கள். அதிகாரிகள் உணவுக்கூடத்தில் என்னிடம் பேச்சுக் கொடுக்க வானிலையைத் தவிர வேறு விஷயம் யாருக்கும் கிடைக்கவில்லை. நாற்காலி மாறியது, தொப்பி மாறியது. கை மட்டும் மாறவில்லை. யாராவது ஒரு நட்டைச் சரியாகத் திருகாமல் தடுமாறினால் என் கை தானாகப் போய் ஸ்பானரை வாங்கிவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தலைமைப் பொறியியல் அதிகாரி, குரூப் கேப்டன் பட்வர்தன். ஒல்லியான மனிதர். இருபது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை என்பார்கள். அறிக்கை எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவையும், கடைசிப் பக்கத்திலிருந்து முதல் வரை ஒரு தடவையும் படிப்பார். அப்போது பென்சில் சீவிக்கொண்டே இருப்பார். கேள்வி கேட்கும்போது நம்மைப் பார்க்க மாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். முடிவில் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கட் நீட்டுவார். அவர் பிஸ்கட் நீட்டினால் தண்டனை நிச்சயம் என்று அர்த்தம். யூனிட்டில் அந்த வகை பிஸ்கட்டைக் கடையில் வாங்கவே மற்றவர்கள் கூசுவார்கள்.

ஒரு நாள் நான் விமானங்களை நிறுத்தும் ஹாங்கரில் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அறைக்குக் கூப்பிட்டார். "உங்களுக்கு அரசாங்கம் ஒரு பேனா கொடுத்திருக்கிறது. ஸ்பானர்தான் வேண்டும் என்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். "ஏர்மேன் செய்த வேலையை நீங்கள் சரிபார்ப்பீர்கள். நீங்கள் செய்த வேலையை யார் சரிபார்ப்பது?" பிஸ்கட் கொடுக்கவில்லை. அந்த நிம்மதியில் அவர் சொன்னதை நான் சரியாக மனதில் வாங்கவில்லை.

பிள்ளைகளுக்காக, எங்கள் எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கருவிப் பெட்டிக்குள் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் சிவப்பு வண்ணத்தில் வரைந்திருப்போம். ஸ்பானரை எடுத்தால் அந்த இடத்தில் எடுத்தவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பானர் உள்ளே போகும், வில்லை வெளியே வரும். ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன் ஒருவன் சத்தமாக எண்ணுவான், இன்னொருவன் குறித்துக்கொள்வான். கணக்குச் சரியாக இருந்தால் நான் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் விமானி கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் ஹெலிகாப்டர் நகராது. காரணம் எளிது. மேலே சுற்றுகிற விசிறிக்கு அடியில், விமானியின் கை அசைவை மேலே கொண்டுபோகும் தண்டுகள் ஒரு சாண் இடத்துக்குள் இருக்கின்றன. அங்கே ஒரு சின்ன ஸ்பானர் கிடந்து, ஹெலிகாப்டர் சாயும்போது நழுவித் தண்டுக்கு இடையில் சிக்கினால், விமானி இழுக்கிற பக்கம் ஹெலிகாப்டர் திரும்பாது. அப்புறம் எண்ணுவதற்கு ஆட்களும் இருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். மலையில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. உதவிக்கு இரண்டு ஹெலிகாப்டர்களை அனுப்பினார்கள். ஒன்று தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. இன்னொன்று பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மைதானத்தில் இறங்கியது. அதற்குப் பொறுப்பு அதிகாரி நான். அப்போது ஸ்குவாட்ரன் லீடர். நான் பிறந்த தெரு அங்கிருந்து நடந்து போகிற தூரம். நான் சின்ன வயதில் கிரிக்கெட் ஆடி ஜன்னல் உடைத்த மைதானம் அது.

என்னோடு ஆறு ஏர்மேன்கள். அதில் கார்ப்பரல் செல்லையா வள்ளியூர்க்காரன், முப்பது வயது, நல்ல வேலைக்காரன். எங்கள் ஊர்ப் பேச்சுப் பேச யூனிட்டில் எனக்கு இருந்த ஒரே ஆள். மற்றவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசுவோம். ஹெலிகாப்டர் மேல் ஏறிவிட்டால் 'லே'தான்.

இரண்டாம் நாள் காலை இரண்டு முறை போய் வந்த பிறகு, மேலே ஓர் எண்ணெய்க் குழாய் இணைப்பில் லேசாகக் கசிந்தது. பெரிய விஷயம் இல்லை, இறுக்கினால் சரியாகிவிடும். செல்லையா பத்தாம் நம்பர் ஸ்பானரோடு மேலே ஏறினான். மழை விடவில்லை. பத்து நிமிஷமாகியும் அவன் இறங்காததால் நானும் ஏறினேன்.

"என்னலே, இன்னும் முடியலியா?"

"நட்டு உக்கார மாட்டேங்கு சார். வெரலு மரத்துப் போச்சு."

"தள்ளு. இங்கன குடு."

வாங்கினேன். பைய ஒரு கால் திருகு. கசிவு நின்றது. அந்தத் திருப்தி பேனாவில் கிடையாது. அதே நேரத்தில் கீழேயிருந்து தாசில்தார் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். நான் இறங்கிப் போனேன்.

தாசில்தார் கையில் ஈரமான ஒரு தாள் இருந்தது. போலீஸ் வயர்லெஸ்ஸில் வந்த பட்டியல், அடுத்து எங்கெங்கே போக வேண்டும் என்று. மூன்று இடங்கள். முதல் இரண்டையும் முடித்திருந்தோம். மூன்றாவது, ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றோரம் ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடி. பதினோரு பேர். நான் அந்த ஊர்ப் பெயரை இரண்டு முறை படித்தேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் டிரில் மாஸ்டர். பள்ளிச் சாவி அவரிடம்தான் இருக்கும். தண்ணீர் வந்தால் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அவர் அங்கேதான் ஏறியிருப்பார்.

"எங்க அக்காவும் அத்தானும் அங்கனதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

"அப்படியா சார். அப்ப சீக்கிரம் கெளம்புங்க. தண்ணி மாடிப்படி வரைக்கும் வந்துட்டாம்" என்றார் தாசில்தார்.

விமானி, ஒரு விங் கமாண்டர், ஏற்கெனவே இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். செல்லையா எண்ணினான். இன்னொருவன் குறித்தான். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். திரும்ப எண்ணச் சொன்னேன். நாற்பத்தொன்று. பெட்டியில் பத்தாம் நம்பர் ஸ்பானரின் சிவப்பு உருவத்தின் மேல் செல்லையாவின் பித்தளை வில்லை இருந்தது.

"ஸ்பானர் எங்கலே?"

"பெட்டியில இல்ல சார்."

"மேல விட்டுட்டியா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். குற்றம் செய்தவன் பார்வை என்று நான் முடிவு கட்டினேன்.

தேட ஆரம்பித்தோம். மேல்தளத்து மூடிகளை எல்லாம் கழற்றினோம். டார்ச் விளக்கும் கைப்பிடி வைத்த கண்ணாடியும் கொண்டு ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு இழுத்தோம். ஒரு பழைய வாஷர் வந்தது, ஸ்பானர் வரவில்லை. ஹெலிகாப்டரைச் சுற்றிப் புல்லில் எல்லோரும் வரிசையாகக் குனிந்து நடந்தோம். பிறகு விதிப்படி ஆட்களைச் சோதித்தோம். தார்பாலினை விரித்து, ஆறு பேரும் பாக்கெட்டில் இருப்பதை அதில் கொட்ட வேண்டும். சீப்பு, பீடிக்கட்டு, திருநீற்றுப் பொட்டலம், வீட்டிலிருந்து வந்த கடிதம், ஒருவனிடம் பாதி தின்ற வெல்லம். பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். கடைசியாக ஸ்பானரை எடுத்தவன் என்பதால் செல்லையாவை ஓவராலையும் கழற்றச் சொன்னேன். ஜட்டியோடு மழையில் நின்றான். ஓவராலை நானே உதறிப் பார்த்தேன்.

நான் மழைக்கோட்டைப் பொத்தான் போட்டு நின்றுகொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆனது. விமானி இறங்கி வந்தார். "அது ஹெலிகாப்டரில் இல்லை என்றே நினைக்கிறேன். என் பொறுப்பில் எடுத்துப் போகிறேன்" என்றார். "அந்தப் படிவத்தில் உங்கள் பொறுப்புக்கு இடமே இல்லை சார், முதலில் என் கையெழுத்து" என்றேன். அவர் திரும்பிப் போய் இருக்கையில் உட்கார்ந்தார். தாசில்தார் குடையைக்கூட விரிக்காமல் ஓடி வந்தார்.

"சார், ஒரு ஸ்பானருக்காகவா? அங்கன உங்க அக்கா நிக்காங்கல்லா?"

"நிக்காங்க."

"பெத்த தாய் மாதிரி வளத்த அக்கான்னு வேற சொல்லுதாங்க ஆளுக."

"ஆமா. ஆனா அது கெடைக்காம பறக்காது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் பாதி வெறுப்பு, பாதி பிரமிப்பு. நான் அப்போது எப்படி இருந்தேன் என்று கேட்டால், பயந்துபோய் இருந்தேன். அக்கா தண்ணீரில் போவது மாதிரி ஒரு படம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அதே சமயம், ஏறிப் போய் விழுந்தால் அக்காவோடு பதினோரு பேர், விமானி, கூடப் போகிறவர்கள் எல்லாருமே போய்விடுவார்கள் என்பதும் தெரிந்தது. நான் சரியாகத்தான் நடந்துகொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்லையா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எழுபது நிமிஷம் ஆகியிருக்கும். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து எதுவும் தெரியவில்லை. துடைப்பதற்குக் கைக்குட்டையைத் தேடி, மழைக்கோட்டை விலக்கி, ஓவராலின் தொடைப் பாக்கெட்டில் கையை விட்டேன். கைக்குட்டைக்குக் கீழே ஸ்பானர் இருந்தது.

இருபது வருஷ வழக்கம். ஏர்மேனாக இருந்தபோது கைவேலை முடிந்ததும் ஸ்பானரை அந்தப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு ஏணியில் இறங்குவேன், இறங்கியதும் பெட்டியில் வைப்பேன். அன்று இறங்கியதும் தாசில்தார் பட்டியலை நீட்டினார். நான் செல்லையாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

ஸ்பானரைக் கைக்குள் மூடிக்கொண்டு நிமிர்ந்தேன். பத்தடி தள்ளி செல்லையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கிட்டே போனேன்.

"நீ பாத்தியாலே?"

"பாத்தேன் சார்."

"எப்ப?"

"சார் உள்ள போடும்போதே பாத்தேன்."

"பொறவு ஏன்லே சொல்லல?"

"சார் பாக்கெட்டப் பத்தி நான் எப்படி சார் சொல்லுதது? இப்ப எடுப்பிய, இப்ப எடுப்பியன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. அவனைத் திட்டத்தான் வாய் எடுத்தேன். நான் கார்ப்பரலாக இருந்து, எதிரே ஓர் அதிகாரி தன் பாக்கெட்டில் ஸ்பானரை வைத்துக்கொண்டு என்னை அவிழ்த்துப் போடச் சொல்லியிருந்தால், நானும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பேசாமல்தான் நின்றிருப்பேன். அதிகாரியின் பாக்கெட்டைச் சோதிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. சோதிக்கக் கூடாது என்றும் இல்லை. யாருக்கும் தோன்றியதில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மைதானத்துப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், 'இங்கே கிடக்கிறது' என்று அடுத்த நிமிஷம் நானே எடுத்துக் காட்டலாம். செல்லையா வாயைத் திறக்க மாட்டான். அவனுக்குச் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். கால் நிமிஷம் அதை யோசித்தேன். அறிக்கையில் இதை எழுதவில்லை. இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

கையை உயர்த்தி ஸ்பானரைக் காட்டினேன். "எங்கே இருந்தது?" என்று விமானி கத்தினார். "என் பாக்கெட்டில்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏர்மேன்கள் ஆறு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தாசில்தார் அப்போது தன் ஜீப்பில் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். ஹெலிகாப்டர் கிளம்பியது.

அது திரும்பி வந்தபோது முதலில் அக்கா இறங்கினாள். தலையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும், "அத்தானப் பைய எறக்கச் சொல்லுலே" என்றாள். சொல்லிவிட்டு ஹெலிகாப்டர் பக்கமே திரும்பி நின்றாள்.

நடந்தது இது. தண்ணீர் மொட்டை மாடிக்கு ஏறும் படிகளில் பாதியைத் தொட்டபோது, எல்லோரையும் தண்ணீர்த் தொட்டித் தூணோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்று அத்தான் முடிவு செய்திருக்கிறார். கயிறு இழுக்கும் போட்டிக்கு வாங்கிய வடம் ஒரு தளம் கீழே விளையாட்டுச் சாமான் அறையில் இருந்தது. ஹெலிகாப்டரை எதிர்பார்த்துப் பார்த்துச் சலித்து, அவர் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நீந்தி அறைக்குள் போயிருக்கிறார். வடத்தை எடுத்துத் தோளில் போட்டுத் திரும்பும்போது கோப்பைகள் வைத்திருந்த இரும்பு பீரோ தண்ணீர் இழுப்பில் சாய்ந்து முழங்காலில் விழுந்தது. மாடியிலிருந்தவர்கள்தான் இறங்கி அவரை மேலே தூக்கி வந்தார்கள். அந்தக் கோப்பைகளையெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக்கொடுத்ததே அவர்தான். அவர் இறங்கி இருபது நிமிஷத்தில் ஹெலிகாப்டர் அங்கே போய்ச் சேர்ந்தது.

இரண்டு ஆபரேஷன் ஆனது. அழுக்குத் தண்ணீர் புகுந்து சீழ் பிடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, கால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைத்தடியோடு பள்ளிக்குத் திரும்பினார். ஒரு வருஷம் அதே வேலையில் வைத்திருந்தார்கள். 'உட்கார்' என்று விசில் அடிப்பார், பிள்ளைகள் உட்காருவார்கள், அவர் நிற்பார். பிறகு நூலகத்துக்கு மாற்றினார்கள்.

நான் அறிக்கை எழுதினேன். ஸ்பானர் யாரிடம் இருந்தது, எத்தனை நிமிஷம், கார்ப்பரல் மேல் தவறு இல்லை என்பது வரை எல்லாம். பட்வர்தன் முன்னும் பின்னுமாகப் படித்தார். மூன்று பென்சில்களைச் சீவி முடித்தார்.

"அந்தக் கார்ப்பரல் பார்த்தானா?" என்று ஜன்னலைக் கேட்டார்.

"பார்த்தான் சார்."

"சொல்லாததற்குக் காரணம் பயமா?"

"மரியாதை சார்."

"எழுபது நிமிஷம் ஹெலிகாப்டர் நின்றதற்குக் காரணம் மரியாதை என்று நான் மேலிடத்துக்கு எழுதலாமா?"

கேட்டுவிட்டு, டிராயரைத் திறந்து பிஸ்கட் நீட்டினார். தின்றேன். மேலிடத்திலிருந்து அதிருப்திக் கடிதம் வந்தது. விங் கமாண்டர் பதவி எனக்கு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. செல்லையாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவி தொலைந்தால் அங்கிருக்கும் மூத்த அதிகாரி முதலில் தன் பாக்கெட்டைக் கொட்ட வேண்டும் என்று பட்வர்தன் ஓர் உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்கு யூனிட்டில் என் பெயரைத்தான் வைத்தார்கள். அதிகாரபூர்வமாக இல்லை.

அந்தக் கால் நிமிஷத்தைத் தவிர, இதுவரைக்கும் யூனிட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊரில் நடந்தது வேறு.

தாசில்தார் பார்த்தது பாதிதான். அக்கா கூரையில் நிற்கிறாள் என்று தெரிந்தும் விதியை மீறாத அதிகாரி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தான் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஏ மாப்ளே, தாசில்தாரு வந்து எல்லாஞ் சொன்னாரு. சொந்த அக்கான்னு பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டியாமே. அதாம்லே வேலை. எங்காலு போனாலும் போகுது, எம் மச்சினன் தப்புப் பண்ணலைல்லா."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஊசியோடு வந்தார். ஊசி போட்டு முடிப்பதற்குள் என் தைரியம் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் சொல்ல வேண்டும் என்று கிளம்பி வந்து, சொல்லாமல் ரயில் ஏறினேன். அத்தான் என்னைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அறிமுகப்படுத்துவார். கோயிலில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில். "அக்கா கூரையில நிக்கா, தண்ணி ஏறிக்கிட்டே வருது, இவன் அசையலையே" என்பார். மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிறவர்கள் என்னைக் கும்பிடுவார்கள். எனக்குச் சோறு இறங்காது. சாகிற மட்டும் இந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று நினைப்பேன். வெட்கமாக இருக்கும். பிறகு பாயசம் வரும், சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம், நான் ஓய்வு பெறும் தறுவாயில், அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வள்ளியூரில் பலசரக்கு மொத்த வியாபாரம். நிச்சயதாம்பூலம் அக்கா வீட்டிலேயே. தாய்மாமன் என்பதால் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம் அத்தான் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"சம்பந்தி, இது யாருன்னு தெரியுமா? எம் மச்சினன். விங் கமாண்டரு. வெள்ளத்துல இவுக அக்கா கூரையில நிக்கா, ஒரு ஸ்பானர காணும்னு..."

"அத்தான், அந்த ஸ்பானர் எம் பாக்கெட்டுலதான் இருந்துது" என்றேன்.

அன்று சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. புதிதாக ஒரு குடும்பம் வருகிறது, அவர்களும் என்னைக் கும்பிடப் போகிறார்கள் என்று தோன்றியதும் வாய் திறந்துவிட்டது.

"என்னலே சொல்லுத?"

"நாந்தான் எடுத்து எம் பாக்கெட்டுல போட்டேன். மறந்துட்டேன். எழுபது நிமிஷமும் எங்கிட்டதான் இருந்துது. நீங்க தண்ணியில எறங்குனது அதனாலதான்."

அக்கா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "இதச் சொல்லுததுக்கு ஒனக்கு இன்னைக்கு ஒரு நாளுதான் கெடச்சுதாலே" என்றாள்.

அத்தான் அவளைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். என்னைப் பார்த்து, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"ஏர்ஃபோர்ஸ்ல எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏர்ஃபோர்ஸ் பூரா தெரியும்" என்றார். "காலு என்னுது. எனக்கு மட்டும் தெரியாது."

மாப்பிள்ளையின் அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "எத்தனாம் நம்பர் ஸ்பானருவே?" என்று என்னைக் கேட்டார். பத்து என்றேன். "சின்னதுதான்" என்றார்.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று அய்யர் நினைவுபடுத்தினார். தட்டு மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்கள்தான் தட்டு மாற்றுவது வழக்கம். தேங்காய், பழம், வெற்றிலை, பட்டு, மஞ்சள் எல்லாம் அடுக்கிய பெரிய தட்டு, ஒரு கையால் தூக்க முடியாது. அத்தான் கைத்தடியை ஊன்றி எழுந்தார். நான் எழுந்து பின்வரிசைக்குப் போக ஓரடி வைத்தேன். அத்தானின் அண்ணன் முன்னால் வந்து தட்டுக்குக் கை நீட்டினார்.

"நீங்க இருங்கண்ணே" என்றார் அத்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"வாலே, வந்து அந்தப் பக்கம் பிடி. எனக்கு ஒரு கைதான சும்மா இருக்கு."

போய்ப் பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டுத் தட்டு எங்கள் பக்கம் வந்தது, எங்கள் தட்டை அவர்களிடம் நீட்டினோம். சம்பந்தி தன் பக்கம் இழுத்தும் வரவில்லையாம். அத்தான் தன் கையை எடுத்த பிறகும் நான் என் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அக்காதான் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.